கோவளத்து மணலில் விழுந்த பல்செட்

போன வருடம் ஆடி மாதம். கோவளத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துச் சாவுக்கு எங்கள் செங்கல்பட்டு பேண்டு செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் டிரம்பெட் வாசிக்கிறவன். தப்பு, வாசித்தவன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பொத்தேரி பக்கம் பைக்கிலிருந்து விழுந்து, மேல்வரிசை முன்பல் இரண்டையும் ரோட்டுக்குக் கொடுத்திருந்தேன். டிரம்பெட் ஊதுகிறவனின் உதட்டுக்கு முட்டுக்கொடுப்பதே அந்தப் பற்கள்தான். பல் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பக்கத்துப் பற்களைச் செதுக்கி பிரிட்ஜ் கட்டலாம். ஆனால் விழுந்த வேகத்தில் அவையும் ஆட்டம் கண்டிருந்தன, தாங்காது. தாடை எலும்பில் திருகு வைத்துப் பல் பொருத்தலாம், உறுதியாக நிற்கும். ஆனால் எலும்பு பிடிக்கப் பல மாதம் ஆகும், அதுவரை ஊதவே கூடாது. மிச்சமிருந்தது கழற்றி மாட்டும் பல்செட். "ஊதினா கழண்டு வந்துடுமே" என்று அதற்கும் எச்சரித்தார்.

பல மாதம் வீட்டில் உட்கார்ந்தால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவானே! பல்செட்டே போதும் என்றேன். கல்யாணங்களில் எப்படியோ ஒப்பேற்றினேன். உச்ச ஸ்வரம் வருவதற்கு முன்னால் செட்டை நாக்கால் ஒருமுறை அழுத்திவிட்டுக்கொள்வேன்.

கோவளத்தில் கல்லறைக்குப் போகிற வழியில், இறந்தவருக்குப் பிடித்த பாட்டை வாசிக்கச் சொன்னார் அவருடைய மனைவி. பாட்டு மேலே ஏறும் இடத்தில் செட் கழன்று மணலில் விழுந்தது. ஊர்வலமே நின்றுவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். குனிந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்தச் சவப்பெட்டிக்குள் நானும் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

குனிந்து எடுத்தது அந்த அம்மாதான். புடவைத் தலைப்பால் மணலைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"இன்னாத்துக்குண்ணா தலய குனிஞ்சிகினு நிக்கிற? எங்க வூட்டுக்காரருக்கும் செட்டுதான். ஆஸ்பத்திரில கழட்டிக் குடுத்தாங்கோ. அப்பாலிக்கா மாட்டவே முடியல, வாயி இறுகிப்போச்சு. பல்லு இல்லாமதான் போறாரு. நீயும் அப்டியே ஊது."

ஊதினேன். பாதிக் காற்று, பாதி சத்தம். உச்சம் வரவே இல்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கல்லறையில் கடைசியாக முகம் பார்க்கப் பெட்டியைத் திறந்தபோது, அந்த அம்மா தன் கையிலிருந்த கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு பல்செட். அதைக் கணவரின் கன்னத்தோரம் வைத்துவிட்டு நகர்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கு அப்புறம் நான் டிரம்பெட்டை எடுக்கவில்லை. பயந்தபடியே வேறு ஆள் வந்துவிட்டார். நான் பெரிய டிரம் அடிக்கிறேன். ஏதாவது ஒரு சாவில் அதே பாட்டு வரும்போது, மேலே ஏறும் இடத்தில் என் உதடு தானாகக் குவிகிறது. தன் துக்கத்துக்கு நடுவிலும் என் மானத்தை மணலிலிருந்து எடுத்துக் கொடுத்தவருக்கு, அவர் கேட்ட ஒரே பாட்டை முழுதாக வாசித்துக் கொடுக்க முடியவில்லையே என்பது இன்னும் ஆறாமல்தான் இருக்கிறது.