நான் தைத்து மூடிய சைக்கிள் பாவாடை

பழைய காலத்துப் பெண்களின் சைக்கிள் உடுப்புகளைச் சேர்க்கும் துளசி, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ள எங்கள் தையல்கடையில் நூறு வருடப் பழைய பாவாடை ஒன்றைத் தந்திருந்தாள். ஒரு பொத்தான் மட்டும் தைக்கவேண்டும்.

பாவாடை முன்னும் பின்னும் நடுவே பிளந்து திறந்திருந்தது. தையல் விட்டுவிட்டதாக்கும் என்று, கேட்காமலே இரண்டையும் தைத்து மூடினேன்.

இன்று வந்தவள் விரித்துப் பார்த்தாள்.

"அன்ரி, தையல் விடேல்லை. பொம்பிளையள் சைக்கிள் ஓடவெண்டுதான் அப்பிடி வெட்டினவை."

"ஐயோ பிள்ளை, கால் தெரியுமேயெண்டு மூடிப்போட்டன்."

"அந்தக் காலத்து ஆக்களும் அதைத்தான் சொன்னவையாம்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்த தலை நிமிராமல் நூலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நானோ தினமும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சைக்கிளில் வேலைக்கு வருகிறவள்.

திட்ட விரும்புகிறவர்கள் வரிசையாக வாருங்கள்.