ஒன்பது சிறு மேடுகள்

லூவீனியா அத்தை பதினாறு வயதிலிருந்து டவுனில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டென்னஸி ஆற்றங்கரையில் கறுப்பர்கள் மட்டும் இருந்த எங்கள் ஊருக்கு வருவாள். ஒரே மகள் ஆர்டெல் நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். கல் நட வசதியில்லை. குழந்தை கடைசியாகப் பால் குடித்த நீலக் கோப்பையை, எங்கள் வழக்கப்படி உடைத்துக் கல்லறை மேட்டின் மேல் பதித்தாள். முழுசாக வைத்தால், சாவு அதே குடும்பத்தில் இன்னொருவரையும் கூப்பிடும் என்பார்கள்.

வடக்கு அலபாமாவில் அணை கட்டிய வருஷம், ஊரோடு கல்லறைத் தோட்டமும் மூழ்கும் என்றார்கள். உறவினர் அடையாளம் காட்டினால், உயரமான இடத்துக்கு மாற்றித் தருவார்களாம். அத்தை ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் அவள் தோழி ஹாட்டி துடைப்பத்தோடு நின்றாள்.

"உன் துரைசானி இன்னிக்கு அவளே ரொட்டி சுட்டு, கையையும் சுட்டுக்கப்போறா."

அத்தை சிரித்தபடி உள்ளே போனாள். தரை வழித்து எடுத்ததுபோல் இருந்தது. புல் இல்லை, உடைந்த சாமான் ஒன்றும் இல்லை. வேலியோரம் குழந்தைகளின் ஒன்பது மேடுகள், எல்லாம் ஒரே மாதிரி. அந்தக் கோப்பை ஒன்றுதான் அவளுக்கு அடையாளமாக இருந்தது.

"மேல இருந்ததெல்லாம் எங்கடி?"

"கவர்மென்டு ஆளுங்க வர்றாங்களேன்னு பொம்பளைங்க எல்லாம் சேந்து சுத்தம் பண்ணோம். உடைஞ்ச சாமானைப் பாத்தா, செத்தவங்க மேல குப்பை கொட்டுறோம்னு சிரிப்பானுங்க. சாக்குல கட்டி ஆத்துல போட்டுட்டோம்." சொல்லும்போதே ஹாட்டியின் குரல் இறங்கிவிட்டது.

அத்தை மண்டியிட்டு ஒவ்வொரு மேட்டையும் விரலால் கிளறினாள். ஒரு நீலச் சில்லும் அகப்படவில்லை.

"எது, லூவீனியா? சீக்கிரம் காட்டு" என்றார் படிவத்தோடு வந்து சேர்ந்த அரசாங்க அதிகாரி.

"ஒன்பதையும் எடுத்துடுங்க ஐயா."

"ஒவ்வொண்ணுக்கும் சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்."

மற்ற எட்டுத் தாய்மார்களும் சிகாகோ, டெட்ராய்ட் என்று எப்போதோ ரயிலேறிவிட்டிருந்தார்கள்.

ஹாட்டி காதருகில் வந்தாள். "ஏதாவது ஒண்ணைக் காட்டுடி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எவ புள்ளையோ உசரத்துல கிடக்கும், எம்புள்ள தண்ணியில கிடக்கும். நான் அதுக்குப் பூ வெக்கணுமா?" அத்தை எழுந்தாள். "விட்டுடுங்க ஐயா."

அதிகாரி படிவத்தைப் படித்துக் காட்டினார்: "குடும்பத்தாரின் விருப்பப்படி, அதே இடத்தில் விடப்பட்டது."

"விருப்பம்னு போடாதீங்க ஐயா."

"அச்சடிச்சு வந்தது. மாத்த முடியாது."

அத்தை வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பனிக்காலம் முடிவதற்குள் அங்கே ஏரிதான் இருந்தது.

நான் பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தபோது அத்தை உயிரோடு இல்லை. இதை எனக்குச் சொன்னவள் ஹாட்டி.

"அதுக்கப்புறம் புது இடத்துல முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வார்த்தை திட்டலை என்னைய" என்றாள். "திட்டியிருக்கலாம்."