பதினேழாவதைக் கேட்காதே

ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தவர்களுக்குத் தெரியும்: கேட்பவருக்கு எல்லாமே ஒரே தாளில் வேண்டும், சாஃப்ட்வேர் பாதிதான் தரும். உத்திரமேரூரில் ஒரு விதைக் கம்பெனியின் கிளை ஆபீசில் நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர், ஒரு தடவைக்குப் பதினாறு விவரம்தான் தரும். பதினேழாவதைச் சேர்த்தால் மொத்தத்தையும் மறுத்துவிடும்.

பசை ஒட்டிய தாள்

மேனேஜர் சாரங்கன் சார் இருபத்திரண்டு விவரம் கேட்டார். இரண்டு ரிப்போர்ட்டாக எடுத்துப் அருகருகே வைத்துப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தேன். இடப்பக்கத் தாள் பெயர் வரிசையிலும் வலப்பக்கத் தாள் ஊர் வரிசையிலும் இருந்ததால், ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் விவரம் நின்றதை நான் கவனிக்கவில்லை.

அன்று தாமலிலிருந்து ஏகாம்பரம் என்ற விவசாயி வந்திருந்தார். சார் தாளைப் பார்த்துக்கொண்டே, "வேர்க்கடலை எப்படி வந்திருக்கு?" என்று விசாரித்தார். அவர் என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் வாங்கிக்கினு போனது வெதநெல்லு சார். உங்க காயிதத்துல மட்டும் இன்னாத்துக்கு மல்லாட்டயா மொளைச்சிக்கீது?"

பொன்னி யார்?

பெயர், ஊர், நெல் ரகம் மூன்றையும் கோடு போட்டு ஒட்டிவிட்டால் சாஃப்ட்வேர் அதை ஒரே விவரமாக எண்ணும் என்று கண்டுபிடித்தேன். அந்தப் பட்டியலோடு மூட்டைகளை ஏற்றிப் போனவர் டெம்போ ரஹீம் பாய். அதுவரை சிமெண்ட் மட்டுமே ஏற்றியவர். 'குப்பன்/கூரம்/பொன்னி' என்பதைப் பார்த்து, குப்பன் வீட்டு வாசலில் நின்று, "பொன்னியம்மா இருக்காங்களா?" என்று குரல் கொடுத்திருக்கிறார். கதவைத் திறந்தது குப்பனின் மனைவி சரோஜா. திரும்பி வந்த பாய் என்னிடம் சொன்னார்:

"மூட்டைய எறக்கிட்டேம்மா. ஆனா அந்த வூட்ல பொன்னி யாருன்னு இன்னும் பஞ்சாயத்து நடந்துக்கினு கீது."

விட்டுப்போன மூட்டை

ஒரு காலையில் தலைமை ஆபீசிலிருந்து போன். சில மூட்டை விதை முளைக்காது, விதைக்கும் முன்னால் மாற்றிக் கொடுங்கள் என்று நாற்பது மூட்டை எண்களைச் சொன்னார்கள். எண்களையும் பதினாறு பதினாறாகத்தான் போட முடியும். மூன்று தடவையாகப் போட்டேன். எண்ணிப் பார்த்தால் வாங்கியவர்கள் பெயர் முப்பத்தொன்பதுதான் வந்திருந்தது. எண்களை முதலிலிருந்து சரிபார்த்தேன்.

முதல் பதினாறோடு நிறுத்திவிட்டு, இரண்டாவதைப் பதினெட்டிலிருந்து தொடங்கியிருக்கிறேன். விட்டுப்போனது ஐயங்கார்குளம் முனியம்மாவின் மூட்டை. அவருக்குப் போன் கிடையாது. மாற்று மூட்டையோடு பாயின் டெம்போவில் ஓடினேன். நாங்கள் போய் இறங்கும்போது அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, விதையை ஊறப்போட மூட்டை வாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் அவருக்கு அந்தப் போகமே போயிருக்கும்.

மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புது மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"பதினாறு பேருக்குத்தான் எல போடுமா ஒன் மெஷினு? சரி, அடுத்த பந்தியில மொத ஆளா என்ன உக்கார வெக்கறதுக்கு இன்னாம்மா?"

பின்னால் எந்த வரம்பும் இல்லாத சாஃப்ட்வேர் வந்தது. இப்போது எல்லா விவரமும் ஒரே தாளில் வருகிறது, படிப்பதற்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.