செந்திலின் பையிலிருந்து நான் எடுத்த அட்டை

ஷமீமை வேலையை விட்டுத் துரத்தியவர்கள் நீங்கள். பெற்றோர் கமிட்டி என்று உட்கார்ந்துகொண்டு, டீ ஆறுவதற்குள் ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறித்தீர்கள். அவள் தப்பு செய்யவில்லை. செய்தவள் நான்!

நான் மேரி. கடலூர் முதுநகர்க்காரி. சிதம்பரத்தில் நீங்கள் நடத்தும் வீட்டில் மனவளர்ச்சி குன்றிய ஆறு ஆண்களைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஆறு பேரில் ஒருவன் செந்தில். வயது முப்பத்து நான்கு. ஒன்பது வருடம் அவனைக் குளிப்பாட்டினேன், சோறு பிசைந்து கொடுத்தேன், சட்டைப் பொத்தான் போட்டேன். நான் ஒருநாள் லீவு போட்டால் அவன் சாப்பிட மாட்டான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

பிறகு பரங்கிப்பேட்டையிலிருந்து ஷமீம் வேலைக்கு வந்தாள். சின்னப் பெண். ஆறு மாதத்தில் அவனே பொத்தான் போட்டான். ஒருநாள் நான் கை நீட்டியபோது தட்டிவிட்டான்.

“நானு... நானே. சமீமு சொல்லிச்சி.”

சமையற்கார வள்ளி சிரித்தாள். “என்னா மேரி, உம் புள்ள கட்சி மாறிட்டான் போலருக்கு!”

நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. அவன் தேறியதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? படவில்லை. அவன் தேறத் தேற, நான் எதற்கு என்று தோன்றியது.

அவனைத் தனியாகக் கடைக்கு அனுப்பப் போவதாக ஷமீம் சொன்னாள். தன் போனில் படம் எடுத்து ஐந்து அட்டைகள் செய்தாள். வீட்டு கேட், பம்ப் செட், மருந்துக் கடைத் திருப்பம், பேக்கரி, மறுபடியும் வீடு. ஒவ்வொன்றாகப் பார்த்து நடப்பான். ரஸ்க் வாங்கி வருவான். வந்ததும் அவளிடம்தான் காட்டுவான்... என்னிடம் அல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை, அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, மருந்துக் கடை அட்டையை அவன் பையிலிருந்து உருவினேன். வழியில் குழம்புவான், அழுதுகொண்டு என்னிடம் திரும்பி வருவான் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. சத்தியமாக!

அவன் திரும்ப வரவில்லை. திருப்பம் தெரியாமல் நேராக நடந்திருக்கிறான். மூன்று மணி நேரம் தேடினோம். ரயில் நிலையத்துக்குப் பக்கம், உச்சி வெயிலில், பேன்ட் நனைந்து, பேக்கரி அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் நீங்கள் கூடினீர்கள்.

“அஞ்சு அட்டைய சரியா வெச்சி அனுப்பத் தெரியாதா?” என்றார் உங்கள் செயலாளர்.

“எண்ணித்தான் சார் வெச்சேன். அஞ்சும் இருந்துச்சி,” என்றாள் ஷமீம்.

“அப்ப ரெக்க மொளச்சி பறந்துட்டுதா?”

அப்போது செந்தில் எழுந்தான். என்னை நோக்கிக் கை நீட்டினான்.

“மேரிக்கா எடுத்துச்சி.”

நான் எடுத்ததை அவன் பார்த்திருக்கிறான். தெளிவாகச் சொன்னான். எல்லோருக்கும் கேட்டது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பாவம் சார்... அவனுக்கு என்னா தெரியும்?”

ஒன்பது வருடம் தொட்டு வளர்த்தவனை ஒரே வார்த்தையில் ஒன்றுமில்லாதவன் ஆக்கினேன்!

ஷமீம் அன்று மாலையே பையைக் கட்டிக்கொண்டு போனாள். செந்திலைத் தனியாக வெளியே விடக்கூடாது என்று உத்தரவு போட்டீர்கள். இப்போது அவனுக்கு நான்தான் மறுபடியும் பொத்தான் போடுகிறேன். சும்மா நிற்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது... தூ!

என்னை வேலையை விட்டு அனுப்புங்கள், போலீசில் சொல்லுங்கள். என் பாவம் என்னோடு இருக்கும், யாரும் கழுவ வேண்டாம். ஆனால் ஒன்று. நான் சொன்னது பொய். அவன் சொன்னது உண்மை. இரண்டும் உங்கள் காதில்தான் விழுந்தன. இப்படிப் பிள்ளைகளைப் பெற்ற நீங்களே ஏன் அவனிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை? என் பேச்சுக்கு ஏன் அத்தனை பேரும் தலையாட்டினீர்கள்?

அடுத்த கூட்டத்துக்கு ஷமீமைக் கூப்பிடுங்கள். செந்திலை முன்வரிசையில் உட்கார வையுங்கள். எழுந்து நின்று, அவன் முகத்தைப் பார்த்து, பதில் சொல்லுங்கள்.