அடைக்கலசாமி வீட்டு வி.பி.என். மடை

வலங்கைமானுக்குக் கிழக்கே வயல் வைத்திருக்கும் அடைக்கலசாமிக்கு ஒரு கொள்கை உண்டு: ஆள் நிற்காத வயலில் தண்ணீர் ஓடக் கூடாது. தண்ணீர் முறை முடிந்ததும் தன் மடையை அடைப்பார். பிறத்தியார் மடை திறந்து கிடந்தாலும் இறங்கி அடைப்பார். இந்தப் பொதுச்சேவைக்காக அடியும் வாங்கியிருக்கிறார். இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள்தான் இணையம் வந்தது.

மகள் ஃபெபி, சென்னையில் உள்ள ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். காலையில் வி.பி.என். என்ற ஒன்றைச் சொடுக்குவாள். திரையோரம் பச்சை விளக்கு எரியும். மாலையில் சொடுக்கினால் அணையும். அடைக்கலசாமிக்கு ஆர்வம் தாங்கவில்லை.

“ஏம்மா, ஊரே ஒரு கம்பியிலதானே பேசுது? உன் ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் எப்படித் தனியாப் போவுது?”

“வாய்க்காலுக்குள்ள குழாய் போட்டு நம்ம கொல்லைக்குத் தண்ணி கொண்டாரீங்கல்ல, அது மாதிரிப்பா. வாய்க்கா பொது. குழாய்க்குள்ள ஓடுறது நம்மளுது. வெளியில நிக்கிறவனுக்கு என்ன ஓடுதுன்னு தெரியாது.”

“நம்ம பக்கம் மடை எது?”

“அந்தப் பச்சை விளக்குதான்னு வச்சுக்குங்க.”

வி.பி.என்.னை இவ்வளவு விரைவாகப் புரிந்துகொண்டவர் டெல்டாவில் வேறெவரும் இல்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

மறுநாளிலிருந்து மத்தியானத்தில் இணைப்பு அறுந்தது. ஃபெபி காலை வேலையை அனுப்பப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவாள்; திரும்பி வந்தால் பாதிதான் போயிருக்கும். அலுவலக மேலாளர் ரஞ்சித் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கோளாறு உங்கள் பக்கம்தான், இன்னொரு முறை அறுந்தால் சென்னைக்கே வந்துவிட வேண்டும். ஃபெபிக்குச் சென்னையில் முன்பு தங்கியிருந்த விடுதியின் சாம்பார் நினைவுக்கு வந்தது. அழுதாள்.

அடைக்கலசாமி கொதித்துப்போய் விசாரணையில் இறங்கினார். கம்பத்துக்குக் கம்பம் கேபிளைப் பின்தொடர்ந்தார். அணில்களைக்கூடச் சந்தேகித்தார். கேபிள், வாய்க்கால் தகராறில் பழைய எதிரியான துரைக்கண்ணுவின் தென்னையை உரசிக்கொண்டு போவது தெரிந்ததும் கண்கள் சிவந்தன.

“மத்தியானத்துல எங்க லைனை என்னய்யா பண்ற?”

“நான் தூங்குவேன், அடைக்கலம். உன் தண்ணிய மறிச்சா எனக்கு நெல்லு விளையும். உன் பொண்ணு ஆபீசை மறிச்சு நான் எதை அறுக்கிறது?”

பதிலில் நியாயம் இருந்ததுதான் அவரை மிகவும் வருத்தியது.

வீடு திரும்பியபோது மத்தியானம். “சாப்பிட வாங்கப்பா” என்று உள்ளிருந்து குரல் வந்தது. நாற்காலி காலி, பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் சொடுக்கினார். விளக்கு அணைந்தது. தட்டோடு அறை வாசலில் நின்றிருந்த ஃபெபி பார்த்துவிட்டாள்.

“அப்பா! என்ன பண்றீங்க?”

“மடையைத் திறந்து போட்டுட்டா சோறு திங்க உக்காருவ? தினம் நான்தானேம்மா அடைக்கிறேன்.”

ஃபெபி வாயைத் திறப்பதற்குள் கைபேசி அடித்தது. ரஞ்சித். அடைக்கலசாமியே வாங்கிப் பேசினார்.

“தம்பி, ஒண்ணும் அறுந்துபோகல. நான்தான் அடைச்சேன். ஆள் இல்லாம ஓடிக்கிட்டிருந்துச்சு.”

“ஐயா, ஆள் இல்லாதப்பவும் அது ஓடணும்.”

“அப்ப காவல் யாரு?”

இதற்கான விடை ரஞ்சித்துக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரப்படவில்லை. கடைசியில், “நீங்களே இருங்களேன், ஐயா. அடைக்காம இருந்தாச் சரி, உங்க பொண்ணு அங்கேயே இருக்கட்டும்” என்றார்.

அன்றுமுதல் அடைக்கலசாமிக்கு மத்தியானச் சாப்பாடு பச்சை விளக்குக்குப் பக்கத்தில்தான். இணைப்பு அறுபடவில்லை. ஃபெபியும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒருநாள் துரைக்கண்ணு வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“அப்படி என்னதான் ஓடுது, அடைக்கலம்?”

அடைக்கலசாமி ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “வெளியில நிக்கிறவனுக்குத் தெரியாது.”