மருந்து டிரம்மில் வளர்த்த கீரை

என் கீரைதான் காரணமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

சிவகாசியில் எங்கள் மொட்டை மாடியில் கீரை வளர்த்து விற்று வந்தேன். பட்டாசு மருந்து வந்த காலி டிரம்களை வாங்கி, நன்றாகக் கழுவி, வெட்டி மண் நிரப்பியிருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா மாசமாக இருந்தார். "தெனமும் கீரையாத் தின்னு எம்புள்ள பச்சையாப் பொறக்கப் போகுது தாயி" என்று சிரித்தபடி வாங்கிப் போவார். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது.

அதன் பிறகுதான், பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா மாடிக்கு வந்தார். "ஏத்தா, இதுலயா கீரை போட்டே? எம்புட்டுக் கழுவினாலும் வெசம் போகாதே!" என்று பதறினார்.

அன்றே எல்லாவற்றையும் பிடுங்கினேன். நான் போய்க் கேட்ட டாக்டராலும் கரு கலைந்தது இதனால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது புதுப் பைகளில் விதைக்கிறேன், யாருக்கும் விற்பதில்லை.

"ரெண்டு கட்டு குடு தாயி, ஒடம்பு தேறணும்" என்று நேற்றும் அக்கா கேட்டார். அவரிடம் சொல்லிவிடவா? வாசகிகளே, சொல்லுங்கள்.