பூட்டண்ணனுக்காக அழுதவர்கள்

கடைவீதியில் மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்து. அதுதான் பூட்டுக்காரரின் கடை. சாவி தொலைத்தவர்கள் வந்து புலம்புவார்கள். அவர் தலையாட்டுவார், அரத்தை எடுத்து ராவுவார், புதுச் சாவியை நீட்டுவார். வாயிலிருந்து ஒரு சொல் உதிராது.

மனைவி நேர் எதிர். பேசாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். பிள்ளைகளும் இல்லை, வீட்டில் சுவரிடமா பேசுவது? போனில் ஒரு குழுவில் சேர்ந்தாள். தொட்டியில் செடி வளர்ப்பவர்களின் குழு. உரம், பூச்சி என்று தொடங்கிய பேச்சு, சீக்கிரமே செடியை மறந்து வீட்டுக் கதைகளுக்குத் தாவியது. அங்கே ஆளுக்கொரு செடியின் பெயர். அவள் கற்றாழையக்கா. தையல் கடையில் வேலை பார்க்கும் பெண் புதினா. தன்னை ஒல்லி என்று தானே கேலி செய்துகொள்ளும் லாரி டிரைவர் மூங்கில். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

காலையில் வணக்கத்துக்குப் பதில் ஒரு கேள்விதான். "செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" "ஊத்தியாச்சு" என்று வந்தால் ஆள் நலம். பிறகு கால்வலி, முதலாளியின் சிடுசிடுப்பு, அங்கே மழையா இங்கே வெயிலா என்று அரட்டை ஓடும். கற்றாழையக்காவின் பங்கு, புருஷனைத் திட்டுவது. அவருக்கு அவள் வைத்த பெயர் பூட்டு.

ஒரு நாள் காலை, தண்ணீர்க் குவளையைப் பிடித்தபடியே பால்கனியில் சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போனார்கள். வெறிச்சோடிய வீட்டில், மேஜைமேல் கிடந்த அவள் போன் ஒலித்தது. புதினா கேட்டிருந்தாள்: "அக்கா, ஆளையே காணோம்? தண்ணி ஊத்தியாச்சா?"

உண்மையைச் சொல்லத்தான் போனை எடுத்தார். விரல் வேறொன்றை எழுதியது. "ஊத்தியாச்சு."

உடனே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மைகள். அக்கா வந்துட்டாங்க என்று ஒரே கும்மாளம். உலகத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் இன்னும் சாகவில்லை. அந்த இடத்தையும் தன் கையாலேயே எப்படி மூடுவார்?

தினமும் அவளாகவே பதில் எழுதினார். சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கேன், இங்க வெயில்தான். கடையில் ஆளில்லாத நேரத்தில் பழைய பேச்சுகளைத் தேடிப் படித்தார். ஒன்றில் எழுதியிருந்தாள்: "இன்னிக்குக் குழம்புல உப்பே போடல. எங்க பூட்டு ஒரு வார்த்தை சொல்லாம முழுசும் சாப்பிட்டுப் போயிருக்கு. நான் வாயில வெச்சப்பதான் தெரிஞ்சது. இந்த மனுஷனை என்ன பண்றது?" படித்துவிட்டு அரத்தைக் கையில் எடுத்தார். வேலை ஓடவில்லை.

ஒரு வாரம் போனது. அன்று புதினாவின் குரலே வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, எங்ககிட்ட மறைக்காதீங்க. ஒரு வாரமா பூட்டண்ணனை நீங்க திட்டவே இல்ல. அண்ணன் போயிட்டாராக்கா?"

பின்னாலேயே மூங்கிலின் கரகரத்த குரல். "தங்கச்சி, நேர்ல பார்த்ததில்ல. ஆனா உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்ட அந்த மனுஷனைத் தினமும் நினைச்சுச் சிரிப்பேன். இன்னிக்கு வண்டியை ஓரங்கட்டிட்டு உக்காந்திருக்கேன், ஓட்ட முடியல."

பட்டறை இடுக்கியில் பாதி ராவிய சாவி அப்படியே நின்றது. முகம் தெரியாத மனிதர்கள் அவருக்காக அழுகிறார்கள். மனைவி போன நாளிலிருந்து அவர் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை. இப்போது உடைந்துகொண்டு வந்தது. அவளுக்குச் சேரவேண்டிய கண்ணீரையல்லவா, பாவி, அவர் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்!

கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகப் போனை வாயருகே பிடித்துப் பேசினார்.

"நான் பூட்டு பேசுறேன்மா. எனக்கு ஒண்ணும் ஆகல. போனது உங்கக்காதான். இத்தனை நாளா அவ பேர்ல எழுதினது நான். உப்பு இல்லைன்னு அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நல்லா இருக்குன்னும் ஒரு நாளும் சொன்னதில்ல. எல்லாரும் மன்னிச்சுக்குங்க."

திட்டப் போகிறார்கள், அவள் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்று திரையையே பார்த்திருந்தார். இந்த முறை புதினா குரலில் வராமல் எழுத்தில் கேட்டாள்:

"அண்ணே, அக்கா செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தினீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் ஊத்தியாச்சு என்று எழுதினாரே தவிர, அவள் விழுந்த அந்தப் பால்கனிக் கதவை அவர் திறக்கவே இல்லை.

"ஊத்தலம்மா" என்று எழுதினார்.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். பால்கனியில் இலைகள் சருகாகிக் கிடந்தன. மூலையில் உருண்டிருந்த அவள் குவளையை எடுத்துக் கழுவி, தண்ணீர் பிடித்து வந்து, முதல் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தார். காய்ந்த மண் சுர்ரென்று உறிஞ்சியது.

"உப்பு இல்லடி அன்னிக்கு" என்றார், தொட்டியைப் பார்த்து.